தட்டினால்தான் வண்டி நகரும்

விலை உயர்ந்த காரை விற்பவர் காரைப் பற்றிப் பேசினால் போதும். விலை குறைந்த காரை விற்பவர் அது ஏன் விலை குறைவு என்பதைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேச வேண்டும். புடவைக் கடை, செருப்புக் கடை, செல்போன் கடை என்று எங்கேயாவது கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா படித்து வையுங்கள், நாளைக்கு உங்களுக்கும் உதவும்.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் ஷோரூம் என்றதும் கண்ணாடி மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். கோலாரில் இருக்கும் பெரிய ஷோரூமுக்கு இது ஒரு கிளை. முன்பு பாத்திரக் கடையாக இருந்த இடம். உள்ளே ஒரு கார், வெளியே ஒரு கார், நடுவில் நான். காருக்கு ஒரே வைப்பர், பின்னால் வருவதைப் பார்க்க ஒரே பக்கத்தில் கண்ணாடி, ஏ.சி. கிடையாது. ஆனால் ஓடும், நன்றாகவே ஓடும். பைக்கில் நாலு பேர் தொற்றிக்கொண்டு மழையில் நனைந்து போகிற குடும்பங்களுக்காகச் செய்த கார் என்று கம்பெனி சொன்னது. அந்தக் குடும்பங்கள் தினமும் எங்கள் ஷோரூம் வாசல் வழியாக, பைக்கில், நனைந்துகொண்டேதான் போயின.

நான் இந்த வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம் ரயில். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு எங்கள் ஊரில் பாதிப் பேர் விடிவதற்கு முன்னால் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள். என் கணவர் சேகரும் அதில் ஒருவர். எங்கள் மகள் நிலாவை அவர் கண் திறந்த நிலையில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நானும் அந்த ரயிலில் நின்றபடி தூங்கக் கற்றவள்தான். நிலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் விட்டேன். பள்ளி விட்டதும் அவள் நேராக ஷோரூமுக்கு வந்து, காரின் பின் சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஷோரூம் போனால் நானும் ரயிலில் ஏற வேண்டும், அவள் பூட்டிய வீட்டுக்கு வர வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தக்காளிப் பெட்டி

பூதிகோட்டையிலிருந்து ஒரு விவசாயி வந்தார். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், டயரை உதைத்தார், கதவைத் திறந்து திறந்து மூடினார். "எங்க ஊரு ரோட்டுல ஓட்டிப் பார்த்தாத்தான் தெரியும்" என்றார். நியாயம்தானே? நானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் தக்காளிப் பெட்டிகள் வரிசையாகத் தயாராக நின்றன. என்னைப் பின்னாலிருந்து இறக்கி முன்னால் உட்கார வைத்தார்கள். பின்னால் தக்காளி ஏறியது. என் மடியிலும் ஒரு பெட்டி.

மார்க்கெட்டில் எல்லாவற்றையும் இறக்கி, விலை பேசி, டீ குடித்து, எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, ஷோரூமில் கொண்டுவந்து விட்டார். நல்ல மனிதர். பின் சீட்டைத் துடைக்கத் துணி வேண்டுமா என்றுகூடக் கேட்டார். "எப்போ எடுத்துக்கிறீங்க?" என்றேன். அவர் மிகுந்த வருத்தத்துடன் சொன்னார்: "வண்டியில கொறையே இல்லம்மா. ஆனா ஏ.சி. இல்லியே, இதுல நாளைக்கு மனுசங்களும் போக வாணாமா?"

எத்தனை பேர் ஏறலாம்

இது எல்லோரும் கேட்கும் கேள்வி. நாலு பேர் என்று சொல்லச் சொல்லிக் கம்பெனி எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் நாலு பேர் என்பது ஒரு குடும்பமே இல்லை. சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சம்பந்தி எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற இரும்புக் கூண்டுக்கு இங்கே கேஜ் என்று பெயர். அதில் ஆள் ஏற்றிய அனுபவத்தில், யார் திரும்பி நிற்க வேண்டும், யார் முழங்கையை மடக்க வேண்டும் என்று ஒவ்வொருவராகக் காருக்குள் அனுப்பினார். கடைசியில் கதவும் மூடியது, அதுதான் ஆச்சரியம். உள்ளேயிருந்து சம்பந்தியம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாம்மா, கேஜில நாங்க நின்னுனுதான் போனோம். இந்த சீட்டயெல்லாம் கழட்டிட்டா இன்னும் கொஞ்சம் வெலை கம்மியாவுமா?" என்றார்.

பின்வாசல் வழியாக

பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி மத்தியான நேரத்தில் பின்வாசல் வழியாக வந்தார். காரை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சந்துக்குள் நுழையும், அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போகலாம் என்று எனக்கே விற்றுக் காட்டினார். எனக்கு இதைவிட ஆனந்தம் ஏது? ஆனால் முன்னால் இருக்கும் பெயரை எடுத்துவிட முடியுமா என்றார். முடியாது என்றேன். கோலாரிலேயே டெலிவரி கொடுத்து, மேலே உறை போட்டு அனுப்ப முடியுமா என்றார். உறை போட்டால் ஓட்ட முடியாதே என்றேன்.

அப்படி என்னதான் பிரச்சினை என்று கேட்டுவிட்டேன். வந்த வழியே பின்வாசலுக்குப் போனவர், அங்கிருந்து திரும்பிச் சொன்னார்: "கார் வாங்கினா கடை நல்லா போவுதுன்னு ஊரு பேசணும். இத வாங்கினா, பாவம், கடைய மூடப் போறான்னு பேசும்."

பண்டிகைக்குள்

இப்படியே போனால் என்ன ஆகும்? ஆனது. இந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது. வெளியே நின்ற காரை ஒரு டியூஷன் வாத்தியார் எடுத்துக்கொண்டார். உள்ளே நின்றது மட்டும் மிச்சம். கிளிப்பச்சை நிறம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, ஒரு நாள் அவரை எங்கள் கவுன்டரில் நிற்க வைத்துப் பார்க்க ஆசை.

கோலார் மேனேஜர் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். கெட்ட செய்தி என்றால் மட்டும் தமிழில் பேசுவார். அன்று போனை எடுத்ததும் தமிழ் வந்தது. "மேடம், ஆயுத பூஜைக்குள்ள அந்தப் பச்சை வண்டி போகலைன்னா, ஷட்டரை நீங்களே இறக்கிட்டு சாவியை இங்க கொண்டுவந்து குடுத்துடுங்க."

பெல் வரவில்லை

அந்த வாரத்தில்தான் பூபாலன் கார் கேட்டு வந்தார். சுரங்கத்தில் வைண்டிங் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கேஜை இறக்கி ஏற்றுகிற பெரிய இயந்திரத்தை ஓட்டுகிறவர்தான் வைண்டிங் டிரைவர். அவர் இருப்பது மேலே, இயந்திர அறையில். கேஜும் அவர் கண்ணுக்குத் தெரியாது, அதில் ஏறுகிற ஆட்களும் தெரியாது. பெல் சத்தம் மட்டும்தான். ஒன்று அடித்தால் நிறுத்த வேண்டும். இரண்டு அடித்தால் இறக்க வேண்டும். மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துப் போக வேண்டும். பெல் வராமல் இயந்திரத்தில் கை வைத்தால் யாருடைய உயிராவது போய்விடும். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

சுரங்கக் கழிவு மலையாகக் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில் உள்ள காலி மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோனேன். ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். சாவி போட்டார், கியர் போட்டார், எல்லாம் சரி. கார் நகரவில்லை. எதிரே ஒரு ஆடுகூட இல்லை. "சார், கிளச்ச விடுங்க" என்றேன். விடவில்லை. "ரோடு காலியாத்தான் இருக்கு சார்" என்றேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, பெட்ரோல் எங்கள் கணக்கில் போய்க்கொண்டே இருந்தது. அவர் நேராகப் பார்த்தபடி, கொஞ்சமும் கோபமில்லாமல் சொன்னார்: "எனக்குத் தெரியுது கண்ணு. பெல்லு வரலியே."

லைசென்ஸ்

இப்படிப்பட்டவருக்கு லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். டிரைவிங் ஸ்கூல்காரர் இவரோடு போராடிப் பார்த்துவிட்டு, கடவுள் விட்ட வழி என்று டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எடு என்கிறார், இவர் எடுக்கிறார். நிறுத்து என்கிறார், நிறுத்துகிறார். ரிவர்ஸ் என்கிறார், போகிறார். அன்று வந்தவர்களிலேயே நன்றாக ஓட்டியது இவர்தானாம். பூபாலன் இதைச் சொல்லிவிட்டு, "அந்த இன்ஸ்பெக்டரு எங்கூடவே இருந்துட்டார்னா எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றார்.

ரத்தினம்மா

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. விற்கிறவளுக்கு வாங்க ஆசைப்படுகிற ஆள் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தவர் இப்படி. மறுநாள் மைதானத்தில் நானே பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டில் இரண்டு தட்டு தட்டினேன். கார் பூப்போல நகர்ந்தது. ஒரு தட்டு, நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் காரோடு என்னையும் சேர்த்து விற்க முடியுமா?

"வீட்டுல யாரு சார் இருக்காங்க?" என்றேன். மனைவி ரத்தினம்மா இருக்கிறார், ஆனால் வரமாட்டார் என்றார். நானே போய்க் கூப்பிட்டேன். ரத்தினம்மா கைவேலையை விடாமல் ஒரே மூச்சில் பேசினார். "நான் இன்னாத்துக்கு வரணும்? ஷிப்ட்டு ஷிப்ட்டா ஊரு ஆம்பளைங்கள எல்லாம் ஏத்தி எறக்கினாரு. என்னய ஒரு தடவயாச்சும் எங்கயாவது இட்டுனு போயிருக்காரா? கேளு." நான் கேட்கவில்லை. பூபாலன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு அந்தம்மா என்ன நினைத்தாரோ, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார்.

வளையல் போட்ட கையால் டாஷ்போர்டில் மூன்று தட்டினார். நான் சொல்லித் தரவில்லை. சுரங்கக்காரர் மனைவிக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கார் கிளம்பியது. பின் சீட்டில் நான் இருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது, அப்படி ஒரு ஓட்டம், ஒரு குலுக்கல் இல்லை. மைதானத்தை விட்டு பஜாருக்குள் வந்தோம். மாடு, ஆட்டோ, காய்கறி வண்டி எல்லாவற்றுக்கும் டக், டக்டக். பிள்ளையார் கோயில் முக்கில் அந்தம்மா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் அங்கேயே நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. "பெரியம்மா, தட்டுங்க!" என்று கத்தினேன். ரத்தினம்மா நிதானமாகக் கணவர் பக்கம் திரும்பி, "மொதல்ல சொல்லு, ஞாயித்துக்கிழம கோலாருக்கு என் தங்கச்சி ஊட்டுக்கு இட்டுனு போவியா மாட்டியா?" என்றார்.

எலுமிச்சம்பழம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் டெலிவரி. ஷோரூம் வழக்கப்படி மாலை, பொட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். கடைசி வண்டியல்லவா, என் கைக்காசில் கொஞ்சம் நல்ல பழமாகவே வாங்கினேன். அவர்கள் பௌத்தக் குடும்பம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூபாலன் ஒரு சின்ன புத்தர் படத்தை டாஷ்போர்டில் ஒட்டி, கைகூப்பி, புத்தரின் ஐந்து நெறிகளான பஞ்சசீலம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். நானும் நிலாவும் கூடவே நின்றோம். பழங்களை எங்கே ஒளிப்பது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தினம்மா என் கையில் இருந்த தட்டைப் பார்த்துவிட்டார். வருத்தப்படுவாரோ என்று பயந்தேன். அவர் ஒரு பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல பழமா கீது. இத சக்கரத்துல போட்டு நசுக்காத கண்ணு, உப்பு போட்டுப் புழிஞ்சி குடு, உங்க பெரியப்பாவுக்கு நாக்கு வறண்டு கீது."

சாவி

அவர்கள் போனதும் கோலாருக்கு நானே போன் போட்டேன். என்னால் வாயை அடக்க முடியவில்லை. பச்சை வண்டி போயிடுச்சு சார், பண்டிகைக்கு முன்னாலேயே போயிடுச்சு என்றேன். மேனேஜர் கன்னடத்தில் பாராட்டினார். வாயாரப் பாராட்டினார். வேறு எந்தக் கிளையும் இப்படிச் செய்யவில்லை என்றார். நான் ஷோரூமைப் பார்த்தேன். கார் நின்ற இடத்தில் டைல்ஸ் மட்டும் பளிச்சென்று இருந்தது. நிலா தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பின் சீட்டு போய்விட்டதே, வேறு எங்கே உட்காருவாள்?

அப்போது அவர் தமிழுக்கு மாறினார். வண்டி விற்காவிட்டால் கிளையை மூடுவார்கள் என்று தெரியும். விற்றாலும் மூடுவார்கள் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? கோபமாக இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். களைப்புதான் இருந்தது, கோபம் வரவில்லை. அவர் சொன்னது இது: "இனிமே அங்க விக்கறதுக்கு வண்டியே இல்ல மேடம். சாவி எப்ப கொண்டு வர்றீங்க?"

பூட்டிய வீடு

ஷட்டரை இறக்குவதற்குள் பச்சைக் கார் திரும்பி வந்து நின்றது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும் ஆடுகிறதே, அது சரிதானா என்று கேட்க வந்திருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு ரத்தினம்மா இறங்கினார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். விற்றதை, மூடுவதை, ரயிலை, நிலாவை. வாடிக்கையாளரிடம் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது பயிற்சியில் முதல் பாடம். அந்தப் பாடம் நடத்திய கம்பெனியே எனக்கு இல்லையே.

ரத்தினம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நிலாவின் பையை எடுத்துக் காருக்குள் போட்டார். "இந்தப் பொண்ணு இன்னாத்துக்குப் பூட்டின ஊட்டுக்கு வரணும்? எங்க ஊட்டுக்கு வரட்டும். நாள் முச்சூடும் தட்டித் தட்டி எனக்குக் கை நோவுது, இன்னொரு கை வேணும்."

ஷிப்ட்

பெங்களூரில் ஒரு பெரிய கார் ஷோரூமில் வேலை கிடைத்தது. அங்கே ஏ.சி. உண்டு, காருக்கும் எனக்கும். முதல் நாள் விடிவதற்கு முன் எங்கள் வீட்டு வாசலில் பச்சைக் கார் நின்றது. சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் கட்டிய வீட்டு வரிசையில்தான் நாங்களும் குடியிருக்கிறோம். அந்தச் சந்துக்குள் நுழைகிற ஒரே கார் இதுதான். இன்னொரு பக்கமும் கண்ணாடி இருந்திருந்தால் இதுவும் நுழைந்திருக்காது. தூங்குகிற நிலாவைச் சேகர் தூக்கிக்கொண்டு வந்தார். நாங்கள் மூவரும் பின்னால் ஏறினோம். முன்னால் ரத்தினம்மாவின் வளையல் மூன்று முறை தட்டியது.

ஸ்டேஷனில் வழக்கம்போல ஊரே நின்றது. நிலா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நானும் சேகரும் இவ்வளவு தூரம் சேர்ந்து பயணம் போவது இதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. நிலா பின் சீட்டில் அவள் எப்போதும் வீட்டுப்பாடம் எழுதுகிற இடத்தில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை அங்கே விட்டு இறங்கக் கால் வரவில்லை. "பெரியப்பா, நீங்க வீட்டுக்குப் போங்க, ராத்திரி நாங்க பஸ் பிடிச்சு வந்துடறோம், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று எதையோ சொன்னேன். பூபாலன் முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரயிலு வந்ததும் போன் பண்ணு. பாப்பாவ இட்டுனு இங்கயே வந்து நிப்பேன். ஷிப்ட்டு ஆளுங்கள கீழயே உட்டுட்டு நான் ஊட்டுக்குப் போனவன் இல்ல."

மலிவான காரை விற்றுப் பெரிய கமிஷன் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று எங்கள் தொழிலில் சொல்வார்கள், சொல்கிறவர்களை ஒரு நாள் ராத்திரி எங்கள் ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள்.